'க' இல்லாமல் ஒரு பக்கம்: கட்டுப்பாடு போட்டு எழுதுவது பயிற்சியா, பந்தாவா?

வலைப்பின்னி | மே 25, இரவு 10.40

மீன்பிடித் தடைக்காலம் நடக்குது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் காசிமேட்டில் விசைப்படகு எதுவும் கிளம்பாது. நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுற ஆள். படகு போகலைன்னா ஐஸ் ஓடாது, ஐஸ் ஓடலைன்னா எனக்குப் பாதி வேலைதான். அதனால் இந்த இரண்டு மாசம்தான் எனக்குக் கதை எழுதுற சீசன்.

தண்டையார்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எழுதினதை வாசிச்சுக் காட்டுவோம், டீ குடிப்போம், கொசுக்கடி தாங்காம எட்டு மணிக்குக் கலைவோம். போன மாசம் அங்க வர்ற ஒரு அக்கா என் நோட்டை வாங்கிப் புரட்டிட்டு, "தம்பி, பதினொரு கதை இருக்கு. பத்துல முதல் வரியிலேயே கடல் வந்துடுது. நீ எழுதுறியா, கடல் எழுதுதா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். பத்து இல்ல, பதினொண்ணுலயும் இருந்தது.

அடுத்த வாரத்துக்கு அந்த அக்காவே ஒரு கட்டுப்பாடு கொடுத்தாங்க: கடல்ங்கிற சொல் இல்லாம ஒரு பக்கம். அது சுலபம், சமுத்திரம்னு போட்டுத் தப்பிச்சிருப்பேன். வீம்புக்கு நானே இறுக்கினேன். 'க' வரிசை மொத்தமும் கிடையாது. க், க, கா, கி தொடங்கி கௌ வரைக்கும் 13 எழுத்துக்கும் தடை. படகுக்குத் தடைன்னா இதுக்கும் தடை.

முதல்ல போனது பெயர்ச்சொல். கடல், கரை, காத்து, காலை, காசிமேடு, கருவாடு. அது எதிர்பார்த்ததுதான். பத்து நிமிஷத்துல வேற ஒண்ணு புரிஞ்சது. 'கள்' கிடையாதுன்னா பன்மை ஒழிஞ்சது. 'கு' கிடையாதுன்னா எனக்கு, உனக்கு, வீட்டுக்கு எல்லாம் ஒழிஞ்சது. இங்கே, அங்கே, எங்கே மூணும் இல்ல. யாரையும் 'வாங்க'ன்னு மரியாதையா கூப்பிடக்கூட வழியில்ல. எல்லாத்தையும் விடப் பெரிய அடி, 'கிற' போச்சு. அதாவது நிகழ்காலமே இல்ல.

எங்க அப்பாவைப் பத்தித்தான் எழுத உட்கார்ந்தேன். இருபது வருஷத்துக்கு மேல விசைப்படகில் போனவர். முட்டி தேய்ஞ்சு இப்ப வீட்டோட இருக்கார். 'இருக்கிறார்'னு எழுத முடியல. 'இருந்தார்'னு எழுதினா செத்துப்போனவர் மாதிரி ஆயிடுது. பேனாவை வெச்சுட்டு எழுந்து போய் அவரை ஒரு தடவை பார்த்துட்டு வந்தேன், சிரிக்காதீங்க. கடைசியில் கிடைச்ச வழி 'இருப்பார்'. தினமும் இப்படித்தான் செய்வார், உட்காருவார், சொல்வார்னு நாம பேசுறோம் இல்ல, அந்த எதிர்காலம். வந்தது இதுதான்:

"அப்பா விடியுமுன்னே எழுந்திருப்பார். வாசற்படியில் அமர்ந்து பழைய வலையை மடியில் போட்டுப் பிரிப்பார். அறுந்த இடம் எதுவும் இராது. இருந்தாலும் விரல் தேடும். அலை எழுப்பும் ஓசை தெருவரை வரும். தலையைத் திருப்பாமல், 'இது வாடை' என்பார். யாரிடம் சொன்னார், தெரியாது. அம்மா டீ எடுத்து வந்து பக்கத்தில் வைப்பாள். ஆறிப்போன பின்பு ஒரே வாயில் உறிஞ்சுவார். பின்பு வலையைச் சுருட்டி, மூலையில் சாய்த்து, ரேடியோவைத் திருப்புவார்."

பதினொரு கதையிலும் அப்பா வந்திருக்கார், புயல்ல மாட்டுவார், வீரமா திரும்பி வருவார். அவர் காலையில வலையைப் பிரிச்சு, கிழிசல் தேடி, திரும்பச் சுருட்டி வைக்கிறதை நான் ஒரு தடவைகூட எழுதினதில்ல. தினம் பார்க்கிறேன்.

இதை எப்படி எடுத்துக்கிறது? கட்டுப்பாடு கொடுத்ததா, இல்ல நான் எப்படியும் ஒருநாள் எழுதியிருப்பேனா? நீங்க யாராவது இப்படி எழுதிப் பார்த்திருக்கீங்களா?

ரீசார்ஜ் | மே 25, இரவு 11.02

அருமை ப்ரோ. ஆனா "அம்மா டீ எடுத்து வந்து பக்கத்தில் வைப்பாள்". 'பக்கத்தில்'. ஒரு 'க்', ஒரு 'க'. ஃபைன் ரெண்டு டீ.

வலைப்பின்னி | மே 25, இரவு 11.09

அடப்பாவி. நாலு தடவை படிச்சேன், மாடியில் ஏழு பேர் கேட்டாங்க, யாருமே பிடிக்கல. 'அருகில்'னு மாத்தப் போனேன், அதுலயும் 'கி' உட்கார்ந்திருக்கு. நாளைக்குச் சரி பண்றேன்.

தளைதட்டி | மே 26, காலை 6.15

தம்பி, முப்பது வருடம் தமிழ் நடத்தியவள் என்ற உரிமையில் ஒரு திருத்தம். நிகழ்காலம் முழுக்கப் போய்விடவில்லை. நன்னூல் நிகழ்காலத்துக்கு மூன்று இடைநிலை சொல்கிறது: ஆநின்று, கின்று, கிறு. பின்னது இரண்டிலும் ககரம் இருக்கிறது, முதலாவதில் இல்லை. 'நடக்கிறான்' என்பதற்கு 'நடவாநின்றான்' என்று எழுதலாம். உன் அப்பா 'இராநின்றார்'. அப்படி எழுதிக்கொண்டு போய் அவரிடம் வாசித்துக் காட்டு, வலையை உதறிவிட்டு எழுந்து வந்து அடிப்பார். ஆனால் இலக்கணப்படி வழி இருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். தமிழில் செய்யுள் செய்வதற்குப் பெயரே யாப்பு. யாத்தல் என்றால் கட்டுதல். சீருக்கும் சீருக்கும் நடுவில் வருவதற்குத் தளை என்று பெயர், விலங்குக்கும் அதே பெயர்தான். வெண்பாவில் மா வந்தால் அடுத்து நிரை, விளமும் காயும் வந்தால் அடுத்து நேர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்று. இதற்குள் நின்றுகொண்டுதான் வள்ளுவர் 1330 எழுதினார். எனவே இது ஏதோ புதுசாக வெளிநாட்டிலிருந்து இறங்கியது போல நீங்கள் பேசினால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

உன் பக்கத்தைப் படித்ததும் எனக்கும் கை அரித்தது. குறள் வெண்பா ஒன்று:

வலையுலர்ந்த முற்றத்தில் வந்தமர்ந்த காக்கை
தலைதிருப்பித் தேடும் கடல்

இதில் முதலில் 'காக்கை பார்க்கும்' என்றுதான் மனதில் வந்தது. எதுகைக்கு 'வலை'க்கு ஒரு 'தலை' தேவைப்பட்டது. தலை வந்த பிறகு காக்கை சும்மா பார்க்காது, திருப்பித்தான் பார்க்கும். காக்கை எப்படிப் பார்க்கும் என்று அறுபத்து மூன்று வயதில் எதுகை எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

வெறும்பேச்சு | மே 26, மதியம் 1.30

எல்லாரும் கொண்டாடுறீங்க, நான் ஒருத்தனாவது எதிர்த்துப் பேசறேன். உண்மையைச் சொல்லணும்னா இது சர்க்கஸ். கம்பி மேல நடக்கிறவனைப் பார்த்துக் கைதட்டலாம், ஆனா அவன் எங்க போறான்னு யாரும் கேக்கறதில்ல, ஏன்னா எங்கேயும் போகல.

டீச்சர் யாப்பைச் சொல்றாங்க. யாப்பு வேற, இது வேற. யாப்பு காதுக்காகப் பிறந்தது. நீங்க பேசற ஜாதி தண்டியலங்காரத்துல சித்திரகவின்னு வருமே, அது. நாகபந்தம்: ரெண்டு பாம்பு பின்னிக் கிடக்கிற படம் வரைஞ்சு அதுக்குள்ள எழுத்தை அடைக்கணும். கோமூத்திரி: மாடு நடந்துகிட்டே மூத்திரம் போனா தரையில விழற கோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வரணும், பேரே அதான். சுழிகுளம், சக்கரம், அப்படியே போகும். இதுல எதையாவது படிச்சு யாருக்காவது தொண்டை அடைச்சதா? மாலைமாற்று எடுத்துக்குங்க. மூன்றாம் திருமுறையில ஞானசம்பந்தர் பாடின "யாமாமாநீ யாமாமா" பதிகம், முன்னாலேர்ந்து படிச்சாலும் பின்னாலேர்ந்து படிச்சாலும் ஒண்ணு. சாதனைதான், கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா உரை இல்லாம ஒரு வரி விளங்குமா? அவரே பாடின "தோடுடைய செவியன்" சின்னப் பிள்ளைக்கும் விளங்குது.

காளமேகம்? "செருப்பில் ஆரம்பிச்சு விளக்குமாறில் முடி"ன்னு யாரோ சவால் விட்டாங்க, முருகன் மேல பாடி முடிச்சார்னு சொல்லுவாங்க. பந்தயம் கட்டி ஜெயிக்கிறது அது. உண்மையைச் சொல்லணும்னா தம்பி எழுதின பக்கம் நல்லா இருக்கிறதுக்குக் காரணம் அப்பா. 'க' இல்ல.

வலைப்பின்னி | மே 26, இரவு 9.50

சார், உங்க கடைசி வரியை நான் மறுக்கல. ஆனா அதே அப்பா பதினொரு கதையில வந்தும் நல்லா வரலையே.

இப்ப டீ விஷயம். நேத்து ராத்திரி படுக்கிற வரைக்கும் யோசிச்சேன். பக்கத்தில் இல்ல, அருகில் இல்ல. சரி, அம்மா அந்த டம்ளரை நிஜமா எங்க வைக்கிறாங்கன்னு பார்க்கலாம்னு இன்னிக்குக் காலையில அஞ்சு மணிக்கே எழுந்து உட்கார்ந்தேன். வலை மேலதான் வைக்கிறாங்க. மடியில இருந்து வழிஞ்சு தரையில கிடக்கிற வலை மேல. நான் சின்னப் பையனா இருந்தப்ப வலையைத் தாண்டினாலே திட்டு விழும். இன்னிக்கு அதுமேல டீ டம்ளர். அவர் ஒண்ணும் சொல்றதில்ல.

"அம்மா டீ எடுத்து வந்து வலை மேலேயே வைப்பாள். எதுவும் சொல்லமாட்டார்."

'பக்கத்தில்'ங்கிற சொல் எனக்கு ரெடியா கையில இருந்ததால நான் பார்க்கவே இல்ல. ரீசார்ஜ், உனக்கு ரெண்டு டீ இல்ல, நாலு.

தளைதட்டி | மே 26, இரவு 10.20

வெறும்பேச்சு ஐயா, சித்திரகவியில் பாதியை நானும் வகுப்பில் நடத்தாமல் தாண்டியிருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். குறள் 341 சொல்லிப் பாருங்கள்:

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்

உதடு ஒட்டாது. எதெதிலிருந்து விலகுகிறானோ அததனால் துன்பமில்லை என்கிற குறளில் உதடும் விலகியே நிற்கிறது. அதே துறவறத்தில் 350, "பற்றுக பற்றற்றான் பற்றினை". ஒவ்வொரு 'பற்று'க்கும் உதடு ஒட்டிப் பிரிகிறது. வள்ளுவர் திட்டமிட்டாரா, தானாக அமைந்ததா என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கு அது முக்கியமில்லை. வாய் செய்கிற வேலையும் பொருள் செய்கிற வேலையும் ஒன்றாக இருக்கிறது.

உதடு படாமல் பாடும் பாட்டுக்கு நிரோட்டகம் என்று பெயர். கறாராகப் பார்த்தால் 341 முழு நிரோட்டகம் ஆகாது. 'நோ'வில் உதடு குவிகிறது. தொல்காப்பியம் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறக்கும் என்கிறது. ப, ம இரண்டிலும் இதழ் ஒட்டும், வ பல்லும் இதழும் சேர்ந்து வரும். இவை அத்தனையும் விலக்கினால்தான் முழு நிரோட்டகம். சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன் மேல் ஒரு முழு அந்தாதியே அப்படிப் பாடியிருக்கிறார், அதுவும் யமகத்தோடு, அதாவது ஒரே எழுத்துக்கூட்டம் வேறு வேறு பொருளில் திரும்பத் திரும்ப வரும்படி. முருகன் என்ற பெயரையே சொல்ல முடியாமல் முருகனைப் பாடுவது! தம்பி, தைரியமிருந்தால் நீ ஒரு வரி முயன்று பார்.

வலைப்பின்னி | மே 27, இரவு 11.30

டீச்சர், ரெண்டு மணி நேரம் ஆச்சு. 'து' கூட இல்லாமத் தமிழ் எழுதுறது பல் இல்லாம முறுக்கு கடிக்கிற மாதிரி. 'ரு' கிடையாது, 'டு' கிடையாது, 'உம்' கிடையாது. தேறினது இவ்வளவுதான்:

"இரா. கரையில் கால் தடங்கள். அலை ஏற ஏற, தடங்கள் கரைந்தன."

பட்டினி போட்ட 'க' எல்லாம் இதுல வந்து விழுந்திருக்கு பாருங்க.

ஒண்ணு ஒத்துக்கிறேன். இது எனக்கு ஒண்ணும் கொடுக்கல. வேலை பார்த்தேன், வரி வந்தது, அவ்வளவுதான். அப்பா பக்கம் மாதிரி எதுவும் உள்ள திறக்கல.

மீன்பாடி | மே 28, அதிகாலை 2.10

இன்னா தல, எல்லாரும் தடுக்கினா தண்டியலங்காரம்ன்றீங்க. நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன். நான் புளியந்தோப்பு, கானா பாடறவன். பகல்ல மீன்பாடி வண்டி ஓட்டறேன், நைட்டுல கூப்டா பாட்டு.

நைட்டு பதினோரு மணிக்கு போன் வரும். "தல, பெரியவரு பூட்டாரு, வந்து பாடணும்." போனா ஒரு துண்டுச் சீட்டு குடுப்பாங்க. பேரு, தொழிலு, புள்ளைங்க பேரு, மருமவன் பேரு, வெளியூர்லேர்ந்து வந்துகினு இருக்கிற தம்பி பேரு. ஒரு பேரு வுட்டாலும் காலைல சண்டை. மெட்டு நம்ம மெட்டு இல்ல, ஏரியாவுக்கே தெரிஞ்ச மெட்டு, அப்பதான் கூட நிக்கறவன் டோலக் வாசிப்பான். வுடியறதுக்குள்ள பாட்டு ரெடியாவணும், எடுக்கிற வரைக்கும் இழுக்கணும். இதுல கட்டுப்பாடு எவ்ளோன்னு நீங்களே எண்ணிக்குங்க. எங்களுக்கு யாரும் பயிற்சின்னு சொல்லல.

அப்பால எங்க வாத்தியாரு மேல ஒரு ரூல் போட்டாரு. செத்துட்டாருன்னு ஒரு தபா கூட சொல்லக் கூடாது. "அத்தான் எல்லாருக்கும் தெரியுமேடா, ஐஸ் பெட்டி எதிர்லயே கீதே, நீ வேற எதுக்கு சொல்ற?" ன்வாரு. கண்ணீரு, அழுவுறது, சாமி கூப்டுச்சு, எதுவும் வரக் கூடாது. மொத தபா எனக்கு ஒரு வரி வரல. செத்தாருன்னு சொல்லாம சாவுப் பாட்டு எப்பிடிப் பாடறது? அப்ப அந்த ஊட்டு வாசல்ல நின்னு கண்ணால தேடினேன். ஒத்த செருப்பு கெடந்துச்சு. இன்னொண்ணு நாய் இட்டுனு போயிருக்கும்.

காசிமேட்டு ஏலச்சத்தம் காதுலதான் கேக்கலையா
கட்டிவெச்ச மீன்பாடி கண்ணுலதான் நிக்கலையா
ஒத்தமிதி மிதிச்சாக்கா ஓட்டமெல்லாம் ஓடுமே
ஒத்தசெருப்பு வாசலில ஒன்னத்தானே தேடுதே

அவரும் மீன்பாடி ஓட்டினவருதான். நாலாவது வரிக்கு அந்தம்மா செருப்பை எடுத்து உள்ள வெச்சிட்டாங்க. எனக்குத் தொண்டை அடைச்சி டோலக்கைத் தனியா வாசிக்க வுட்டுட்டேன்.

சார் கேட்டீங்களே, தொண்டை அடைச்சுதான்னு.

தளைதட்டி | மே 28, காலை 6.05

தம்பி மீன்பாடி, நீ பாடியதைச் சீர் பிரித்துப் பார்த்தேன். காசிமேட்டு, காதுலதான்: முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒன்றி வருகிறது, பொழிப்பு மோனை. கட்டிவெச்ச, கண்ணுலதான்: மறுபடி பொழிப்பு. மூன்றாவது அடியில் ஒத்தமிதி, ஓட்டமெல்லாம், ஓடுமே: ஒன்று, மூன்று, நான்கு. அது மேற்கதுவாய். பிள்ளைகளுக்கு இதற்கு உதாரணம் தேடி நான் எத்தனை வருடம் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறேன். புளியந்தோப்பில் கேட்டிருக்கலாம்.

மீன்பாடி | மே 28, பகல் 12.40

மேற்கதுவாயா? கதுவாலி தான் தெரியும் டீச்சரம்மா. எதுவோ, நல்லா இருந்தா சரி.

லெஃப்ட் ஹுக் | மே 28, மாலை 5.25

நான் எழுதுறவன் இல்லை, பாக்ஸிங். வியாசர்பாடி. என் மாஸ்டர் ஒரு மாசம் வலது கையை இடுப்போட துணியால கட்டிட்டு ரிங்ல ஏத்துவார். எனக்கு எது வந்தாலும் ரைட்டுதான் முதல்ல போகும், அதனால். முதல் வாரம் மூஞ்சி வீங்கிடுச்சு. மூணாவது வாரம் கால் நகர ஆரம்பிச்சது. கவனிங்க, இடது கை இல்ல, கால். கை இல்லாததால கால் கத்துக்கிச்சு.

இன்னொரு பையனுக்கு அவர் கட்டவே இல்லை. அவனுக்கு இடது நல்லாவே வரும், அவன் பிரச்சினை மூச்சு. அவனை வாயில தண்ணி வெச்சுக்கிட்டு ஸ்கிப்பிங் பண்ணச் சொல்வார், துப்பவும் கூடாது முழுங்கவும் கூடாது. நான் அதைச் செஞ்சு பார்த்தா எனக்கு ஒண்ணும் ஆகல.

அதனால வலைப்பின்னி, உங்களுக்கு 'க' வேலை செஞ்சதும் உதடு வேலை செய்யாததும் எனக்கு ஆச்சரியமா இல்லை. கடல் உங்க ரைட் ஹேண்ட். கட்ட வேண்டியது அது. உதடு என்ன தப்பு பண்ணிச்சு?

அப்புறம் மேட்ச்சுக்கு யாரும் கையைக் கட்டிட்டு ஏற மாட்டோம்.

ரீசார்ஜ் | மே 28, இரவு 8.15

இதை அச்சடிச்சு நம்ம கடையில ஒட்டலாம் போல. நான் மொபைல் கடை, கொருக்குப்பேட்டை. என் பங்குக்கு ஒரு கணக்கு.

எஸ்எம்எஸ்ல இங்கிலீஷ் எழுத்துன்னா 160 வரைக்கும் ஒரு மெசேஜ். தமிழ்ல அடிச்சா 70தான். அதுவும் நம்ம எண்ணுற மாதிரி போன் எண்ணாது. புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. 'வண்ணாரப்பேட்டை' நமக்கு 8 எழுத்து, போனுக்கு 14. எண்ணிக்கோங்க. மெசேஜுக்குக் காசு புடுங்கின காலத்துல எங்க அக்கா இந்த 70க்குள்ள சண்டை போட்டு, சமாதானமும் ஆகி, மாமாவைக் கல்யாணமே பண்ணிக்கிச்சு. இப்ப வாட்ஸ்அப்ல ஒரு பக்கம் எழுதுது, மாமா படிக்கிறதில்ல.

இன்னிக்கு நானும் 70ல ஒரு கதை போட்டுப் பார்த்தேன்:

"அரிசி வாங்கிட்டேன். அவன் வரல. கதவு திறந்தே இருக்கு."

புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 51. மிச்சம் 19. "சீக்கிரம் வா"ன்னு போடலாம், இடம் இருக்கு. போட்டா கெட்டுடும்னு தோணிச்சு. 19ஐ அப்படியே விட்டுட்டேன்.

தேரடிப் பொண்ணு | மே 30, காலை 9.35

இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். திருவொற்றியூர் தேரடியிலிருந்து தினமும் மெட்ரோவில் வேலைக்குப் போறவள். எங்க தேரடி ஸ்டேஷன் திறந்ததிலிருந்து என் வாழ்க்கையில் தினமும் ஒரு மணி நேரம் மிச்சம், அதை ரீல்ஸ் பார்த்தே தொலைச்சேன்.

பிரான்சில் உலிப்போன்னு ஒரு கூட்டம், 1960இல் ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியோனேயும் ஆரம்பிச்சது. ஒருத்தர் எழுத்தாளர், ஒருத்தர் கணக்குப் பைத்தியம். வேலையே இதுதான், புதுப்புதுக் கட்டுப்பாடா கண்டுபிடிக்கிறது. அதில் ழாக் ழுவேன்னு ஒருத்தர் மெட்ரோக் கவிதைக்கு விதி போட்டார். வண்டி ஓடும்போது மனசில் ஒரு வரி. வண்டி நின்றால் அதைத் தாளில் எழுதணும். ஓடும்போது எழுதக் கூடாது, நிற்கும்போது யோசிக்கக் கூடாது. இறங்குற இடத்துக்குள் எத்தனை ஓட்டமோ அத்தனை வரி.

தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட், புதுவண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, தியாகராயா கல்லூரி, வண்ணாரப்பேட்டை. ஏழு நிறுத்தம், ஆறு ஓட்டம். (காலடிப்பேட்டை யாரோட காலடின்னு ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தேன். கோலெட்னு ஒரு கவர்னர், நெசவுக்காரங்களைக் குடியேத்தின பேட்டை. கோலெட் பேட்டை நம்ம வாயில காலடி ஆயிடுச்சு.) நேத்து எழுதினது:

தேரடியில் ஏறினேன், தேர் இல்லை.
எதிரே ஒரு பாட்டி முறத்தை மடியில் வைத்திருக்கிறாள்.
முறத்தில் ஒன்றுமில்லை, ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள்.
வெளிச்சம் போனதும் கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும்.
அவள் என்னைப் பார்த்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன்.
இறங்கும்போது முறத்தைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டாள், வெளியே மழை.

நாலாவது வரி, ரயில் தரைக்குக் கீழே இறங்குற இடம். அதை நான் யோசிக்கல, வண்டி எழுதிச்சு. முதல் வரி சுமார்தான், தெரியும். ஆனா திருத்த நேரம் கிடையாது, கதவு திறந்தா எழுதியே ஆகணும். எனக்கு இருக்கிற வியாதி முதல் வரியைப் பத்து நாள் திருத்திட்டு இரண்டாவது வரிக்குப் போகாம இருக்கிறது. பாக்ஸிங் அண்ணா சொன்ன மாதிரி இது என் வலது கை.

வெறும்பேச்சு | மே 30, இரவு 9.10

முறம் நல்லா இருக்கும்மா. கானாவும். மீன்பாடி தம்பி, உங்ககிட்ட நான் தோத்தேன்னே வெச்சுக்குங்க.

உலிப்போ பேச்சு வந்ததால சொல்றேன். அந்தக் கூட்டத்துல ஜார்ஜ் பெரெக்னு ஒருத்தர். பிரெஞ்சுல அதிகம் புழங்கற எழுத்து ஐந்தாவது எழுத்து. அது ஒரு இடத்துல கூட வராம 1969ல ஒரு முழு நாவலே எழுதினார். கேட்டதும் நான் சர்க்கஸ்னுதான் நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அவங்க அப்பா 1940ல போர்ல செத்தவர், அம்மாவை 1943ல ஆஷ்விட்ஸுக்கு ஏத்திட்டுப் போனாங்க, திரும்பி வரல. அந்த எழுத்து இல்லாம பிரெஞ்சுல அப்பான்னு எழுத முடியாது. அம்மான்னும் முடியாது. அவர் தன் பேரையே எழுத முடியாது. உண்மையைச் சொல்லணும்னா அங்க மட்டும் எனக்கு வாய் அடைச்சுது.

ஆனா என் பாயிண்ட் அப்படியே நிக்குது. அது பயிற்சி இல்ல, அவர் வாழ்க்கை. வலைப்பின்னி 'இருக்கிறார்'னு எழுத முடியாம எழுந்து போய் அப்பாவைப் பார்த்தாரே, அது மாதிரி. ஞாயித்துக்கிழமை மாடியில சீட்டுக் குலுக்கிப் போட்டு, இந்த வாரம் 'ட' இல்ல, அடுத்த வாரம் 'ழ' இல்லன்னு விளையாடினா அது வராது. உண்மையைச் சொல்லணும்னா நூத்துல ஒண்ணுக்குத்தான் வரும்.

வலைப்பின்னி | மே 30, இரவு 10.00

சார், நூத்துல ஒண்ணுன்னா எனக்குப் போதும். பதினொண்ணுல ஒண்ணு கூட வரலையே அதுவரைக்கும். சீட்டுக் குலுக்குறது பத்தி நீங்க சொன்னதை ஒத்துக்கிறேன். மாடியில பேசினோம். இனிமே யாருக்கு என்ன தடைன்னு அவங்க நோட்டைப் படிச்ச இன்னொருத்தர்தான் சொல்லணும். நம்ம பழக்கம் நமக்குத் தெரியாது.

ரீசார்ஜ் | மே 30, இரவு 10.12

அப்படின்னா வெறும்பேச்சு சாருக்கு நான் சொல்றேன். இந்த இழையில் சார் ரெண்டு பதிவு. "உண்மையைச் சொல்லணும்னா" மொத்தம் நாலு தடவை. சார், உங்களுக்குத் தடை அதுதான். அந்தச் சொல்லும் கூடாது, அதோட சொந்தக்காரங்களும் கூடாது. நிஜமா, சத்தியமா, நேர்மையா, வெளிப்படையா எதுவும் வேணாம். ஒரு பத்தி.

தளைதட்டி | மே 30, இரவு 10.15

வழிமொழிகிறேன்.

வெறும்பேச்சு | ஜூன் 3, இரவு 11.55

நாலு நாள் ஆச்சு. இதோ.

"பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டர். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மெஷின்காரன் வெண்பா எழுதுவான். ஜாப் கார்டின் பின்பக்கம், கிரீஸ் விரலோடு. எனக்கு வாசித்துக் காட்டுவான். நான் ஸ்பானர் துடைத்துக்கொண்டே, இதெல்லாம் சர்க்கஸ் என்பேன். வீட்டில் நானும் எழுதிப் பார்த்தேன். தளை தட்டியது. கிழித்துப் போட்டேன். அவன் ரிட்டயர் ஆன அன்று அந்த ஜாப் கார்டுகளை எல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். பரணில் இருக்கிறது. நான் பிரிக்கவில்லை."

தளைதட்டி | ஜூன் 4, காலை 5.50

ஐயா, பரணிலிருந்து இறக்குங்கள். சீர் பிரிக்க நான் வருகிறேன்.

ரீசார்ஜ் | ஜூன் 4, காலை 9.30

தேடிப் பார்த்துட்டேன். ஒண்ணும் சிக்கல. ஃபைன் இல்ல சார்.

வலைப்பின்னி | ஜூன் 15, காலை 4.20

நள்ளிரவுலேர்ந்து படகு எல்லாம் கிளம்பிடுச்சு, ஐஸ் உடைக்கிற சத்தத்துல காது அடைக்குது. லோடு கணக்குக்கு நடுவுல போன்ல அடிக்கிறேன். அடுத்த ஞாயிறு மாடியில ஜாப் கார்டு வாசிப்பு. சார் கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்கார், டீச்சர் வர்றாங்க, மீன்பாடி டோலக் எடுத்துட்டு வர்றார். அஞ்சரைக்கு வந்துடுங்க, கொசு வர்றதுக்கு முன்னாடி ஆரம்பிக்கணும். ரீசார்ஜுக்கு அன்னிக்கு நாலு டீ பாக்கி.